துணிக்கொடி போட்ட கரகரப்பு

எழுபதுகளில் அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனுக்கு மேலே ஓர் இரும்புக் குழாய் நின்றது. அதன் உச்சியிலிருந்து பக்கத்துத் தென்னைமரம் வரைக்கும் ஒரு செம்புக் கம்பி. அது என்னுடைய ஏரியல். அமெச்சூர் ரேடியோவுக்கு அரசாங்கம் வைத்த பரீட்சையில் தந்தி தட்டித் தேறி, என் பெயரிலேயே லைசன்ஸ் வாங்கியிருந்தேன். மூர் மார்க்கெட்டில் கிடைத்த பழைய ராணுவ வயர்லெஸ் செட் ஒன்றைச் சரிபண்ணி, தொழிற்சாலை விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்காருவேன். மைக்கில் கூப்பிட்டால் மதுரையிலோ பெங்களூரிலோ அதேபோல் செட் வைத்திருக்கும் யாராவது ஒருவர் பதில் சொல்வார். பகலெல்லாம் ஃபோர்மேன் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறவளுக்கு அந்த அரைமணி நேரம்தான் வாய் திறக்கிற நேரம்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர். சாயங்காலத்தில் அவருடைய ரேடியோ கரகரவென்று இரையுமாம். சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால் சிலோன் பாட்டும் போச்சு, செய்தியும் போச்சு.

"இந்தாம்மா, நீ மேல பேசறே, கீழ என் பொட்டி கத்துது. ஒண்ணு அந்தக் கம்பத்த எறக்கு, இல்லாங்காட்டி ஊட்ட காலி பண்ணு. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்" என்றார்.

என் கணவர் சாது. "வுடேன், இன்னாத்துக்கு வம்பு? வேற ஊடு கெடைக்கிறது கஷ்டம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் செட் தப்பு செய்தால் நானே அணைத்துவிடுவேன். செய்யாத தப்புக்கு எதற்குக் கம்பத்தை இறக்க வேண்டும்?

சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு வாரம் செட்டைத் தொடவே இல்லை. அப்படியும் கீழே கரகரத்தது. போய்ச் சொன்னால், "கதவ சாத்திகினு பேசியிருப்பே" என்கிறார் மனுஷன். 

ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நான் கீழே, என் செட் மேலே அணைந்து கிடக்கிறது, அவர் ரேடியோ கரகரவென்று கத்துகிறது! நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுக்காரம்மா அப்போதுதான் துவைத்த புடவையைக் கொடிக்கம்பியில் போட்டு இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் கையை எடுத்ததும் சத்தம் நின்றது.

"அக்கா, இன்னொரு தபா இழுங்க."

"இன்னாடி இது கூத்து?" என்றபடி இழுத்தார். மறுபடியும் கரகர.

மீனை அப்படியே போட்டுவிட்டு, கம்பியைத் தடவிக்கொண்டே போனேன். அது கீழ்வீட்டு ஜன்னலில் மாட்டியிருந்த இடத்தில் கொக்கி துருவேறிப் போயிருந்தது. அதன் பக்கத்திலேயே மெல்லிய ஒயர் ஒன்று, கம்பியில் முடிந்து ஜன்னல் வழியாக நேரே ரேடியோவின் முதுகுக்குள் போயிற்று. எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் வீட்டில் பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கும் வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசன்ஸ் கட்ட வேண்டும். கட்டாதவர்கள், செக்கிங் வருகிறது என்று புரளி கிளம்பியதும் மாடியில் கட்டிய ஏரியலை அவிழ்த்துவிட்டு, ஒயரைத் துணிக்கொடியில் முடிந்துவிடுவார்கள். வெளியில் தெரியாது, பாட்டும் கேட்கும். கொடி ஆடினால் துருப்பிடித்த கொக்கி உரசும், ரேடியோ இரையும். நான் வேலை விட்டு வந்து செட் முன்னால் உட்காரும் நேரமும், அந்த அம்மா காய்ந்த துணியை எடுக்கும் நேரமும் ஒன்று. ஞாயிறு தவிர மற்ற நாள் காலையில் அவர் ரேடியோ போடுவதில்லை; துவைக்காத நாளில் இரைச்சலும் கிடையாது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொடியை ஆட்டிக் காட்டினேன். அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்ய, நான் துணி எடுத்ததுக்கா அந்தப் பொண்ண இந்தப் பாடு படுத்தினே?"

அவர் முகம் செத்துவிட்டது.  பிறகு சொன்னார்: "சரி, கம்பம் இருக்கட்டும். ஆனா இனிமே உம் புருசன் பேசட்டும். முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்களோட பொம்பள தெனம் சிரிச்சிப் பேசிகினு கீறது நல்லால்ல."

ஓ, இதுதானா சங்கதி! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"லைசன்ஸ் என் பேர்ல கீது, அண்ணே. அவரு பேசினா குத்தம், ஆபீசருங்க வந்துடுவாங்க. வந்தா மேல மட்டும் பாத்துட்டுப் போவாங்களா? கீழ உங்க பொட்டிக்கு லைசன்ஸ் எங்கன்னும் கேப்பாங்க. நானே கூப்பிடட்டுமா?"

அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஜன்னல்களை விரியத் திறந்து வைத்துவிட்டு, செட்டைப் போட்டு, கீழ்வீடு வரைக்கும் கேட்கிற குரலில் கூப்பிட்டேன். மதுரைக்காரர் ஒருவர் பதில் சொன்னார். "ஒரு வாரமா ஆளையே காணோமேம்மா, என்னாச்சு?" என்று கேட்டார்.

"இங்க ஒருத்தர் பேசாதேன்னார். பேசாம இருந்து பார்த்தேன். எனக்கு ஒத்து வரலை" என்றேன்.