மகளின் கழுத்துக் கறுப்பு

என் மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது அவள் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று நினைத்தேன். எனக்கு ஜுருவில் தொழிற்சாலை வேலை, சனிக்கிழமைதான் வீட்டில் இருப்பேன். அன்று அவளைக் குளியலறையில் உட்கார வைத்துப் பயத்தம் மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பேன். ஒரு வாரம் தேங்காய் நாரையே எடுத்துவிட்டேன். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"வலிக்குது மா."

"அழுக்கோட ஸ்கூல் போறப்ப வெக்கமா இல்ல?"

எனக்கு வாய் நீளம். அன்று பேசியதற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் உடம்பும் ஏறிக்கொண்டே போனது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதற்காகத்தான் சூலியா தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். எடை பார்ப்பதற்கு முன்பே மகளின் முடியை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார்.

"யாரு இப்படித் தேய்ச்சது?"

மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"அக்கா, இது அழுக்கு இல்ல லா. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா கழுத்து இப்படிக் கறுக்கும். தேய்ச்சாப் போகாது."

மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்தபோது சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது, கெட்ட கொழுப்பும் அதிகம். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று எழுதச் சொல்லி டாக்டர் ஒரு தாள் நீட்டினார். அப்பா பக்கம் ஒரு கட்டம், அம்மா பக்கம் ஒரு கட்டம்.

என் கணவர் எனக்குச் சொந்த அத்தை மகன். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று கட்டி வைத்தார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். அப்போதே என் அப்பாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் எடுத்தாகிவிட்டது. அவருடைய தங்கை, என் மாமியார், ஊசி போட்டுக்கொண்டுதான் பந்தியில் உட்கார்ந்தார். கண்ணோரத்தில் மஞ்சளாகக் கொழுப்பு திட்டுத் திட்டாகத் தெரியும். அதைப் பொருத்தம் பார்த்த யாரும் பார்க்கவில்லை, நானும்தான். அம்மா பக்கத்தில் அண்ணனான என் அப்பாவை எழுதினேன், அப்பா பக்கத்தில் அவர் தங்கையை எழுதினேன்.

டாக்டர் தாளைப் படித்தார். "பருமன், சர்க்கரை, கொழுப்பு மூணும் சேர்ந்து குடும்பத்துல ஓடும் அக்கா. உங்க மகளுக்கு ரெண்டு பக்கமும் ஒரே ரத்தம். அதுக்காக எல்லாம் முடிஞ்சுதுன்னு இல்ல. சாப்பாடு, நடை, இதெல்லாம் நம்ம கையில இருக்கு."

கடைசியில் சொன்னது என் மண்டையில் ஏறவே இல்லை. அவளோடு படிக்கும் பிள்ளைகள் அதே நாசி கண்டார் கறிச்சோற்றைத் தின்றுவிட்டுக் குச்சி மாதிரி இருக்கிறார்கள். இவள் மட்டும் ஆயுள் முழுக்க அளந்து தின்ன வேண்டும். அளந்து தின்றும் என் அப்பா கால் போனது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வந்ததுபோல் நடிக்கவும் தெரியவில்லை.

திரும்பும்போது சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியிருந்தேன்.

"மா, இப்படி வரும்னு தெரிஞ்சிருந்தா என்னைப் பெத்திருப்பீங்களா?"

விளக்கு பச்சையாகி, பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் "பெத்திருப்பேன்" என்றேன். அதற்குள் அவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டிருந்தாள்.