காற்று நின்ற பகல்

மங்கம்மாவுக்குக் கடலைக் கண்டால் பயமில்லை. இடி, மழை, ஊளையிடும் காற்று எதற்கும் அசரமாட்டாள். தேவனாம்பட்டினத்தில் பிறந்து, திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் இருபத்தைந்து வருஷம் மீன் விற்றவள். பேரம் பேசுகிறவர்களை அவள் பார்க்கும் பார்வையிலேயே பாதிப் பேர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: அமைதி. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். 'தானே' புயல் அடித்த அன்று அவள் வீட்டில் இருந்திருந்தால் சிரிப்பு வராது.

அன்றைக்கு ஊரையே பிய்த்துப் போட்ட காற்று சட்டென்று நின்றது. இலை அசையவில்லை. அவள் அண்ணன் சிங்காரம், "விட்டுடுச்சும்மா, போட்டப் பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினான். புயலின் நடு தலைக்கு மேல் நிற்கிறது, மறுபக்கக் காற்று இனிமேல்தான் வரும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். மீன்பிடிப் போட்டுமேல் ஆசை. கால் மணி நேரத்தில் காற்று எதிர்ப்பக்கமிருந்து திரும்பியது. விழுந்த தென்னை மரத்தடியில்தான் அவனைக் கண்டெடுத்தார்கள். அன்று முதல் காற்று நின்றால் போதும், மங்கம்மா கதவைத் தாழ் போட்டு, ஜன்னல் இடுக்கில் துணி திணித்து, ஒருவரையும் வெளியே விடமாட்டாள். சூடு கண்ட பூனை.

அவள் புருஷன் பஞ்சநாதன் அரசு பஸ் டிரைவர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம் போய்ப் போய்த் திரும்பிய மனுஷன். ரிட்டயர் ஆன மறுமாதமே, "ஒரே ரோட்டப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. இமயமலை வரைக்கும் நானே ஓட்டறேன், நீ பக்கத்துல குந்திக்கினு வா" என்றார். பழைய காரில் இரண்டு வாரம் ஓட்டி, மணாலிக்கு மேலே, பெயர் வாயில் நுழையாத ஒரு மலையூருக்கு வந்து அறை எடுத்தார்கள். அன்று இரவே பனி கொட்டி ரோடு மூடிக்கொண்டது.

காலையில் கண் விழித்த மங்கம்மா காதைத் தீட்டிக் கேட்டாள். காக்கா இல்லை, வண்டி இல்லை, மனுஷச் சத்தம் இல்லை. வெளியே எல்லாம் உப்பைக் கொட்டிய மாதிரி வெள்ளை. காற்று அறவே இல்லை.

வீட்டுக்கார அம்மா கரி போட்ட கணப்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து, நடுவில் ஒரு குச்சியைச் சொருகி, இந்தியில் என்னவோ அழுத்திச் சொன்னாள். ஒரு வார்த்தையும் புரியாமல் மங்கம்மா தலையை ஆட்டினாள். அந்த அம்மா முற்றத்தைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனதும், குச்சியைப் பிடுங்கிப் போட்டு ஜன்னலைச் சாத்தினாள். இடுக்கிலும் கதவடியிலும் புடவையைக் கிழித்துத் திணித்தாள்.

"இங்க ஏதுடி புயலு? கடலே இல்லியே" என்றார் பஞ்சநாதன்.

"காத்து எங்கியும் ஒன்னுதான் மாமா. வெளிய போவாதீங்க."

அவர் சிரித்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்தார்.

மங்கம்மா கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரத்தில் தலை கனத்தது, வயிற்றைப் புரட்டியது. எல்லாம் பயத்தால் என்று நினைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. டீ குடிக்க அவரை எழுப்பினாள். எழவில்லை. குளிரில் விறைத்துவிட்டாரோ என்று பதறி, கணப்புச் சட்டியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

"மாமா... மாமா!"

கன்னத்தில் அறைந்தாள். தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. நெஞ்சில் காது வைத்தால் துடிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். கதவுக்கு அப்பால் அந்த அமைதி நின்றது. தாழ்ப்பாளில் கை வைத்தவளுக்குக் கை நகரவில்லை. இப்படி ஓர் அமைதியில்தான் அண்ணன் வாசலைத் தாண்டினான். திறந்தால் காற்று இரண்டு பேரையும் கொண்டுபோகும், திறக்காவிட்டால் இவர் போய்விடுவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள்.

காற்று வரவில்லை. அவள் போட்ட கூச்சல்தான் முற்றம் முழுக்கப் போனது.

ஓடி வந்த வீட்டுக்கார அம்மா சட்டியைத் தூக்கிப் பனியில் கவிழ்த்தாள். துணிகளை உருவி எறிந்தாள். பிறகு அவர் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தாள். இவளுக்குப் பைத்தியமா, குளிரில் செத்துவிடுவாரே என்று அலறிக்கொண்டே மங்கம்மா கால்களைப் பிடித்தாள். பனியில் கிடந்த மனுஷன் இருமினார், வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார்.

அந்த அம்மா கரியைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், தன் தொண்டையைத் தானே நெரித்துக் காட்டினாள். அதற்கு இந்தி தெரிய வேண்டியதில்லை. புகையே இல்லாத அந்தக் கரிதான் அடைத்த அறையில் மூச்சைக் குடித்திருக்கிறது. மங்கம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு எனக்கு?" என்றார் பஞ்சநாதன்.

"நான்தான் மாமா. ஜன்னல சாத்துனது நான்தான்."

"நீ எப்பவும் சாத்தறதுதான" என்றார். கோபமே இல்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

பொழுது சாயும்வரை கதவு விரியத் திறந்து கிடந்தது. அவளுக்குப் பல் கிட்டியது. கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் மூக்குக்கு நேரே விரலை நீட்டியபடியே இருந்தாள்.

"எடுடி, கூசுது" என்றார்.

அவள் எடுக்கவில்லை.