நான் உட்கார்ந்திருந்த பெயர்

எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையின் முகப்பில் நின்ற சுமைதாங்கியை, வீதி அகலிக்க வந்த இயந்திரம் ஒரே தள்ளில் சரித்துவிட்டது. அப்போது நான் நாலாம் வகுப்பு. தலையில் சுமையோடு நடந்து போகிறவர்கள் இன்னொருவரின் கை உதவி இல்லாமல் இறக்கிவைத்து ஆறிப் போகட்டும் என்று, ஆள் உயரத்துக்கு அந்தக் காலத்தில் கட்டிவிட்ட கல்மேடை அது. கரவெட்டியில் தலைச்சுமைகள் எல்லாம் மோட்டார்சைக்கிளுக்கு மாறி நெடுங்காலம் ஆகியிருந்ததால், அது விழுந்ததில் ஒருவருக்கும் நட்டம் இருக்கவில்லை. இலாபம்தான் இருந்தது. கீழே நின்ற இரண்டு கற்களையும் முன்வீட்டார் தங்கள் வாசற்படலைக்குப் படியாக எடுத்துக்கொண்டார்கள். மேலே குறுக்கே கிடந்த நீளக்கல்லை அப்பா லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரத்தில் ஏற்றிவந்து எங்கள் கிணற்றடியில் போட்டார். அன்று தொடக்கம் அம்மா அதில்தான் உடுப்புத் தோய்த்தார்.

கல்லின் மேற்பக்கத்தில் எழுத்துகள் வெட்டியிருந்தன. சவர்க்கார நுரை வழிந்து போன பிறகும் எழுத்துகளின் பள்ளத்தில் கொஞ்சம் வெள்ளையாகத் தங்கி நிற்கும். அப்போது வாசிப்பது சுகம். ‘கதிர்காமர் பெண்சாதி சீதேவிப்பிள்ளை ஞாபகார்த்தம்.’ புலமைப்பரிசில் சோதனைக்காக என்னை எதையாவது உரத்து வாசி என்று அம்மா விரட்டிக்கொண்டே இருப்பார். நான் கல்லை உரத்து வாசிப்பேன். அம்மா ஈரச் சேலையை ஓங்கி அதன்மேல் அடிப்பார்.

அடுத்த வருடம் ஆவணியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், எங்கள் படலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து வாடகைக்குப் பிடித்த ஓட்டோ. அதிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இறங்கினார். மலேசியாவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். அவருடைய தமிழ் எங்கள் தமிழும் படங்களில் கேட்கிற தமிழும் கலந்ததாக இருந்தது. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், அவர் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

வந்தவரின் கையில் ஒரு கொப்பி. அதை விரித்து மடியில் வைத்தார். கீழே ஒரு வட்டத்துக்குள் அவருடைய பெயர். அதற்கு மேல் அவருடைய அம்மாவின் பெயர். அதற்கு மேல் அம்மம்மாவின் பெயர். அதற்கும் மேலே ஒரு வட்டம், உள்ளே ஒன்றும் இல்லை. அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ‘கதிர்காமர்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“எங்க அம்மம்மா ரெண்டு வயசில இங்கேருந்து மலாயாவுக்குப் போனவங்க, தம்பி,” என்று அப்பாவிடம் சொன்னார். “அவங்க தாய் வயித்தில பிள்ளையோட செத்துப் போயிட்டாங்க. அப்படிச் செத்தவங்களுக்குச் சுமைதாங்கி கட்டுவாங்களாம். கதிர்காமரும் இந்த றோட்டில ஒண்ணு கட்டிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கிட்டுக் கப்பல் ஏறியிருக்கார். அங்க போய் வேற கல்யாணம். அந்த வீட்டில முதல் தாரத்தோட பேரை யாரும் வாயில எடுக்கக்கூடாதாம். அம்மம்மா சாகிற வரைக்கும் தன் தாயோட பேர் தெரியாமலே செத்தாங்க.”

கதிர்காமர் என்ற பெயரைக் கேட்டதும் நான் வாயைத் திறந்தேன். வகுப்பில் விடை தெரிந்தால் கை உயர்த்துகிற மாதிரியான ஓர் அவசரம். அப்பா என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

தேத்தண்ணி வைக்கச் சொல்லிவிட்டு வருவதாகக் கூறி அப்பா எழுந்து குசினிக்கு வந்தார். நானும் பின்னால் போனேன். அப்பாவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

“நீ போய்க் கிணத்தடிக் கல்லிலை இரு. நனைஞ்ச பெட்சீற்றை விரிச்சுப்போட்டு இரு. நான் சொல்லுமட்டும் எழும்பப்படாது.”

“சொல்லிவிட்டால் என்னப்பா? பேர்தானே கேக்கிறா, பாவம்,” என்றார் அம்மா.

“பேரிலைதான் காணி இருக்கு. இண்டைக்குப் பேர் கேப்பா, நாளைக்குக் காணி உறுதி கேப்பா. பின்வளவை விட்டிட்டு நாங்கள் எங்கை வெங்காயம் நடுறது?”

அம்மா கேத்திலில் தண்ணீர் அள்ளினார். எங்கள் ஊரில் பாதிப்பேருடைய பின்வளவுகள் எங்கேயோ போனவர்களுடையவை. ஆகவே எங்கள் வீட்டுக்கு வருமுன் வந்தவர் விசாரித்த நாலைந்து வீடுகளிலும் எவருக்கும் எந்தக் கதிர்காமரையும் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இதெல்லாம் பிறகு விளங்கியது. அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: பெரியவர்களின் காரியம் ஒன்றில் முதன்முறையாக எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார்கள். ஈரப் பெட்சீற்றைக் கல்லில் விரித்து, எழுத்துகள் இருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, சரியாக அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மலேசியாவிலிருந்து வந்தவர் கிணற்றடிக்கு வந்தார். முகம் கழுவத் தண்ணீர் கேட்டாராம். அம்மா வாளியில் அள்ளி ஊற்றினார், என் பக்கம் திரும்பாமல். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உங்க அம்மாவோட அம்மா பேர் தெரியுமா, மகள்?”

தெரியும் என்றேன். சொன்னேன். அம்மம்மாவுடைய அம்மாவின் பெயரையும் சொன்னேன். கேட்காமலே அதற்கும் மேலே ஒரு பெயர் சொன்னேன். அம்மாவோடு சேர்த்து நாலு பெயர்கள், மூச்சு விடாமல். வாய்ப்பாடு ஒப்புவிக்கிற பெருமை எனக்கு. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“எனக்கு என்னையும் சேர்த்து மூணோட நிக்குது,” என்றார்.

பிறகு குனிந்து, பெட்சீற்றுக்கு வெளியே தெரிந்த கல்லின் விளிம்பைப் பார்த்தார். “பழைய கல்லா இருக்கே. எங்கேருந்து எடுத்தீங்க?”

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லித் தரவில்லை. அம்மாவின் கையில் வாளி அப்படியே நின்றது. நான்தான் சொன்னேன், என் சொந்தப் புத்தியில்.

“சுன்னாகத்திலை வாங்கினது, அன்ரி. உடுப்புத் தோய்க்கிறதுக்கெண்டே விக்கிற கல்லு.”

“அப்ப அந்தச் சுமைதாங்கி?”

“அதை உடைச்சு றோட்டுக்குள்ளை போட்டுத் தாட்டுப்போட்டினம். நான் கண்டனான்.”

எதற்காக அந்தக் கடைசிச் சொல்லைச் சேர்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது இல்லாமலே அவர் நம்பியிருப்பார். பொய் வழுக்காமல் போவதைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கும் ஆசை வந்தது என்று நினைக்கிறேன்.

“எந்த இடம்னு காட்டுவியா?”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. எழும்பக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாளியை வைத்துவிட்டு வந்து, தோய்க்கவேண்டிய உடுப்புக் குவியலைத் தூக்கி என் பக்கத்தில் கல்லின்மேல் போட்டார். “போய்க் காட்டிப்போட்டு வா,” என்றார். நான் இறங்கிய இடத்தை உடுப்புகள் மூடிக்கொண்டன.

புறப்படுமுன் அவர் அம்மாவிடம் கொஞ்சம் பூ கேட்டார். அம்மா வேலியோரம் நின்ற நந்தியாவட்டையிலும் செவ்வரத்தையிலும் கை நிறையப் பிடுங்கி அவருடைய சேலைத் தலைப்பில் போட்டார். வீட்டில் கற்பூரம் இருக்கிறதா என்று கேட்டார். அதையும் அம்மா கொடுத்தார்.

வீதிக்கு வந்தோம். புதிதாகத் தார் போட்ட அகல வீதி. சுமைதாங்கி நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தாட்ட இடம் என்று ஒன்று இல்லையே. ஒழுங்கை முகப்பிலிருந்து பத்தடி நடந்து, வெள்ளைக்கோட்டுக்குச் சற்று உள்ளே, கால் விரலால் தொட்டு “இதிலை” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். மத்தியான வெயிலில் தார் கொதித்துக் கிடந்தது. நான் செருப்போடு நின்றேன். அவர் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து, பிறகு அதையும் விட்டுவிட்டுக் குந்தியிருந்து பூக்களை ஒவ்வொன்றாகத் தாரின்மேல் வைத்தார். கற்பூரம் இரண்டு தரம் காற்றில் அணைந்து மூன்றாம் தரம் பற்றியது. ஒரு வான் ஹோர்ன் அடித்தது. ஓட்டோக்காரர் வீதிக்கு நடுவே போய் நின்று கையைக் காட்டி மறித்தார். மோட்டார்சைக்கிளில் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

அவர் தாரைப் பார்த்துக் கதைத்தார். எனக்குக் கேட்கட்டும் என்று அல்ல. நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

“பேர் தெரியாமலே கும்பிடுறேன். கோவிச்சுக்காதீங்க.”

சீதேவிப்பிள்ளை. அந்தப் பெயர் என் நாக்கில் இருந்தது. அப்படி ஒரு பாரத்தை நான் அதற்கு முதல் வாயில் வைத்திருந்ததில்லை. சொல்லியிருந்தால் ஒரு விநாடி. திரும்பிப் பார்த்தேன். ஒழுங்கை முகப்பில் அப்பா நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னை மிரட்டுகிற மாதிரிப் பார்க்கவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அப்பாவின் முகத்தில் அதை நான் கண்டதில்லை. பெயரை விழுங்கினேன்.

அவர் எழும்பி, சூடு தாங்காமல் செருப்புக்குள் காலை நுழைத்து, என் தலையில் கை வைத்தார். “நல்ல பிள்ளை. நீ இல்லாட்டி இந்த இடமும் தெரியாமப் போயிருக்கும்,” என்றார். ஓட்டோவில் ஏறுமுன் அப்பாவிடம் ஒரு துண்டுக் கடதாசியில் விலாசம் எழுதிக் கொடுத்தார், ஏதாவது தெரியவந்தால் எழுதச் சொல்லி. அப்பா அதைப் பத்திரமாகச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். அந்தச் சேட்டு மறுநாளே தோய்க்கப்பட்டது.

ஓட்டோ போய்ச் சில நிமிடத்தில் பருத்தித்துறை பஸ் வந்தது. பூக்களை விட்டு ஒதுங்க அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

போன வருடம் எனக்குக் கலியாணம் பேசி முடித்தபோது, பின்வளவு எனக்குச் சீதனமாக எழுதப்பட்டது. கனகாலமாக ஆண்டுவந்ததைக் காட்டி அப்பா அதற்கு ஆட்சி உரிமை எடுத்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போவதுதான் வழமை. ஆதலால் ஒரு பழைய உறுதியை எடுத்து வாசித்தால் ஒரு வீட்டுப் பெண்களின் பெயர்கள் வரிசையாக ஏறிக்கொண்டு போகும். உறுதி எழுதுகிற நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, காணி வந்த வழியை உரத்து வாசித்தார். கதிர்காமர் பெண்சாதி சீதேவிப்பிள்ளைக்கு, அவளுடைய தாய் கொடுத்த சீதனம். அந்தத் தாயின் பெயரும் அதில் இருந்தது. அவளுக்கும் மேலே ஒருத்தி இருந்தாள். கொப்பியில் இடம் விட்டுவைத்த ஒரு வட்டத்துக்கு, மூன்று பெயர்கள். அப்பா மேசையில் கிடந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். காட்டிய இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.

அதன் பிறகு அவரைத் தேடிப் பார்த்தேன். மலேசியாவில் இருக்கிற தெரிந்தவர்களிடம், தெரியாதவர்களிடமும், எழுதிக் கேட்டேன். எல்லோரும் முதலில் கேட்பது அவருடைய பெயர் என்ன என்று. கொப்பியின் அடிவட்டத்தில் அது எழுதியிருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. மேலே இருந்த வெறும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். செத்துப் போனவளின் பெயரும், அவளைப் பெற்றவளின் பெயரும், அந்தப் பெற்றவளைப் பெற்றவளின் பெயரும் எனக்குத் தெரியும். அவர்களைத் தேடி வந்தவரின் பெயர் தெரியாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அது ஞாபகம் இல்லையாம்.

அவர் வந்துபோன அன்று பின்னேரம் அப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி நெல்லியடிக்குக் கூட்டிப்போனார். சோதனையில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட அப்படிக் கூட்டிப்போனதில்லை. ஐஸ்கிறீம் கடையில் இருப்பதிலேயே பெரிய கிண்ணத்துக்குச் சொன்னார், எனக்கு மட்டும். தனக்கு ஒன்றும் எடுக்காமல், நான் தின்று முடியுமட்டும் வீதியைப் பார்த்தபடி இருந்தார். “கெட்டிக்காரி,” என்று ஒருதரம் சொன்னார். அடியில் உருகிக் கிடந்ததையும் வழித்துத் தின்றேன்.

திரும்பும்போது அப்பா பெரிய வீதியால் வரவில்லை. தோட்டங்களுக்குள்ளால் போகிற செம்மண் ஒழுங்கைகளில் இறங்கி, மேடு பள்ளத்தில் சைக்கிளை உருட்டி உருட்டி, ஊரைச் சுற்றிப் பின்பக்கத்தால் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். கனநாள் அப்படித்தான் வந்தார். எனக்கு இன்னும் கொஞ்சத் தூரம் சவாரி கிடைக்கட்டும் என்றுதான் அப்பா சுற்றிப் போகிறார் என்று, மணியை அடித்து அடித்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.