கழுத்தில் கட்டிய தூளி

மஸ்கட்டில் இருக்கும் கணவரிடம் போக, மொரப்பூரிலிருந்து ஏழு மாதக் குழந்தையோடு கிளம்பினேன். தூளி இல்லாமல் அவள் தூங்கமாட்டாள் என்று பழைய நூல் புடவையைக் கைப்பையில் வைத்திருந்தேன். அதைக் கட்ட விமானத்தில் ஒரு கொக்கிகூட இருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசி வரிசையில் இடம். குழந்தை வீறிட்டு அழுதது. முன்வரிசைக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்தார். பக்கத்து இருக்கைக்காரர் என் மடியில் கிடந்த புடவையைப் பார்த்தார். நரைத்த மீசை, கட்டம் போட்ட சட்டை. எதைத் தொடுவதற்கு முன்பும் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். அப்போதும் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பாப்பா தூளில தூங்கிப் பழகுனதுங்களா? என் கழுத்துல கட்டுங்க.”

முடிச்சை நானே போட்டேன். என் இருக்கைக்குப் பின்னாலேயே நின்று மெல்ல ஆடினார். அழுகை அடங்கியது.

“உக்காருங்கண்ணா.”

“உக்காந்தா பாப்பா முழிச்சிக்குங்க. நீங்க செத்த நேரம் கண்ண மூடுங்கம்மா.”

தரையிறங்கும் அறிவிப்பு கேட்டு நான் விழித்தபோதும் ஆடிக்கொண்டுதான் இருந்தார். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர், இறங்கியதும் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

மஸ்கட் வீட்டிலும் கொக்கி இல்லை. கணவரின் கழுத்தில் கட்டிவிட்டேன். “கழுத்து போவுதும்மா” என்று பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

விமானத்தில் நான் இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.