ஆறு மணிக்குக் கண் மூடிய கேமரா

பழுதான சாமான், அதைப் பழுது பார்க்கப் போகிறவன் முன்னால் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும். டாக்டர் வீட்டுப் படியேறியதும் காய்ச்சல் இறங்கிவிடும் பிள்ளையைப் போல. இந்த ஒரு விஷயத்தால் என் ஆயுளில் பாதி போயிருக்கிறது.

கருங்கல் என்ற ஊரில் எனக்குச் சின்னதாக ஒரு கடை இருக்கிறது. வீடு, கடை, கோழிப்பண்ணை என்று எங்கே கேட்டாலும் கேமரா வைத்துக் கொடுப்பேன். வைப்பதற்கு ஒரு நாள் போதும். அதற்குப் பிறகு ‘வரல்ல’, ‘தெரியல்ல’, ‘செத்துப்போச்சு’ என்று வரும் அழைப்புகளுக்கு ஓடுவதுதான் உண்மையான வேலை. அப்படி ஓடியதில் ஒருமுறை நான் பண்ணிய காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே வெட்கமும் வருகிறது.

அருமனைப் பக்கம் ஓர் அண்ணாச்சிக்கு ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம், இருந்தது. இருபது வருஷம் வளைகுடாவில் காவல் வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். திரும்பி வந்தபின் மேற்பார்வை பார்க்க ஆள் இல்லாமல் தவித்துப்போனார். மனைவியைப் பார்க்கலாம் என்றால் அந்த அம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் விளையின் அடிவாரத்தில் இருந்த மெஷின் புரைமேல் கண் விழுந்தது. ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்துக் காயப்போடும் இடம் அது. அங்கே ஒரு கேமரா வைத்தால் கட்டிலில் கிடந்தபடியே போனில் பார்க்கலாம் என்று என்னை அழைத்தார்.

அது பிப்ரவரி தொடக்கம். வீடு மேட்டில், புரை பள்ளத்தில், நடுவே முந்நூறு அடிச் சரிவு. வயர் இழுக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டார். எலி கடிக்கும், பன்றி இழுக்கும், வயர்லெஸ்தான் நல்லது என்று அடித்துச் சொன்னவன் நான்தான். வீட்டு மாடியில் ஒரு வெள்ளை டப்பா, புரைக் கூரையில் இன்னொரு வெள்ளை டப்பா. இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும், படம் காற்றிலேயே வீட்டுக்குப் போய்விடும். அன்றைக்குப் புரை வாசலில் நின்று பார்த்தபோது, மாடிக் கொடியில் காய்ந்த அண்ணாச்சியின் கட்டம்போட்ட கைலி பளிச்சென்று தெரிந்தது. போனில் படம் அதைவிடப் பளிச்சென்று வந்தது. அண்ணாச்சி என் முதுகில் தட்டினார்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்போது மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் வெட்டையும் நிறுத்தியிருந்தார்கள். புரையில் பல்லியைத் தவிர யாரும் கிடையாது. அண்ணாச்சி பல்லியை மேற்பார்வை பார்த்தார்.

ஈஸ்டர் கழிந்து வெட்டு தொடங்கியது. அந்த வாரமே போன் வந்தது. நேரம் காலை ஆறு.

“தம்பி, இன்னா இருட்டடிச்சுக் கெடக்கு. என்ன சாமான் கொண்டு மாட்டின நீ?”

எனக்கு விடியற்காலை என்பது எட்டு மணி. எழுந்து குளித்து, புட்டும் பயறும் பப்படமும் தின்று, கடையைத் திறந்து, ஒரு சாயா குடித்துவிட்டு நான் அருமனை போய்ச் சேரும்போது பத்தரை ஆகியிருந்தது. கேமரா அருமையாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒன்றும் செய்யாமல் திரும்பினால் மரியாதை இல்லை என்பதால் அடாப்டரை மாற்றினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் போன். பத்தரைக்குப் போனேன். வேலை செய்தது. பிளக் ஆடுகிறது என்று சொல்லிப் புது பிளக் போட்டேன். மூன்றாம் முறை கேமராவுக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்தால் எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன. குற்றவாளி பிடிபட்டான் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் திருப்திப்பட்டார். எறும்புகளைக் காலி செய்த மறுநாள், ஆறு மணிக்குப் போன் வந்தது. தக்கலை போய் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்து மாட்டினேன். அதற்கும் மசியவில்லை. மழை பெய்த சாயங்காலங்களிலும் கேமரா போனதாம். ஆனால் மழை பெய்தால் எங்கள் பக்கம் கரண்டும் போகும் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ஐந்தாம் முறை போனபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கரண்டை அளந்தேன், சரியாக இருந்தது. சிக்னலை அளந்தேன், சரியாக இருந்தது. எல்லாம் காலை பத்தரை மணிக்குச் சரியாக இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் இப்படிச் சொன்னேன்:

“அண்ணாச்சி, சாமான்ல ஒரு குறையும் இல்ல. ஆரோ சுவிட்ச அணைக்கியாவ.”

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. வளைகுடாவை விட்டு வந்தபின் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. “காலையில அஞ்சு மணிக்குப் பொரைக்கு வாறது ஒருத்திதான்” என்றார்.

அவர் சொன்னது பால் வெட்ட வரும் அக்காவை. நாற்பத்தைந்து வயசிருக்கும். ஐந்து மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்து, புரையிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு மேலே வெட்டப் போவார். ஒன்பது மணிக்குப் பாலோடு புரைக்குத் திரும்புவார். கேமரா அவர் வந்த பிறகு போகிறது, அவர் திரும்பும் நேரத்தில் வருகிறது. வெட்டு இல்லாத இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தது, வெட்டு தொடங்கிய வாரத்தில் கெட்டது. நடுவில் ஒட்டுப்பாலைச் சாக்கில் கட்டிக் கடத்துகிறாள் என்று அண்ணாச்சி தீர்மானித்துவிட்டார். ஒட்டுப்பால் என்பது சிரட்டையில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் ரப்பர். அதில் எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்டேன். குறைந்ததா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் முக்கிலிருக்கும் சாயாக்கடையில் நாலு பேர் நடுவே அண்ணாச்சி இதைச் சொன்னார். பக்கத்து விளைக்காரரும் அங்கே இருந்தார். “கேமராக்காரத் தம்பியே சொல்லியாச்சு. இல்லியா தம்பி?” என்று என்னைப் பார்த்தார். என் வாயில் பருப்புவடை இருந்தது. தலையை ஆட்டினேன். வாயில் வடை இல்லாவிட்டாலும் ஆட்டியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி போனில் சொன்னார்: “அடுத்த வெளக்காரன் அவள ஒண்ணாந் தேதி முதல் வராண்டாம்னு பறஞ்சிட்டான். நானும் நிறுத்தப் போறேன். அதுக்கு முன்ன கையும் களவுமா பிடிக்கணும். நீ காலையில நாலரைக்கு வா.”

இரண்டு விளைகளையும் வெட்டித்தான் அந்த அக்கா மூத்த மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஒரு தலையாட்டலில் ஒரு வீட்டின் அடுப்பை அணைத்துவிட்டேனோ என்று இருந்தது. ஆனாலும் நான் சொன்னது சரியாக இருந்துவிட வேண்டும் என்றுதான் மனசு உள்ளுக்குள் ஜெபித்தது. என் புத்தி அப்படி.

நாலரைக்குப் போனேன். அண்ணாச்சி மேலே வீட்டில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார, நான் கீழே புரையில், கொடியில் தொங்கிய ஷீட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். பச்சை ரப்பர் ஷீட்டின் நாற்றத்தை அறிந்தவர்களுக்கு நான் என்ன பாடுபட்டேன் என்று தெரியும். ஐந்து மணிக்கு அக்கா வந்தார். வாளியை எடுத்தார், கத்தியை எடுத்தார், கொட்டாவி விட்டார், போய்விட்டார். கேமராவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு என் போன் அதிர்ந்தது. அண்ணாச்சி மூச்சுவாங்க, “அணைச்சிட்டா! பிடி தம்பி, பிடி!” என்றார்.

“அண்ணாச்சி, இஞ்ச ஆருமில்ல.”

“எனக்க போன்ல இருட்டா கெடக்கு. ஆருமில்லேங்கிய!”

கேமராவைப் பார்த்தேன். அதன் சின்னச் சிவப்பு விளக்கு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. சுவிட்ச் போட்டபடி இருந்தது.

“அண்ணாச்சி, கரண்டு இருக்கு. லைட் எரியுது.”

அண்ணாச்சி குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்: “பொரைக்குள்ள இப்போ நீ ஒருத்தன் தானே இருக்க?”

“ஆமா.”

“அப்போ நீ அணைச்சியா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் எதற்கு அணைக்கிறேன், எனக்கு வேறு வேலையில்லையா என்று கத்தினேன். கத்தும்போதே அக்கா நினைவுக்கு வந்தார். அந்த நேரத்தில் புரைக்கு வந்ததைத் தவிர அக்காவும் வேறு ஒன்றும் செய்திருக்கவில்லை.

வாசலுக்கு வந்தேன். வெளுத்துவிட்டது. மேட்டைப் பார்த்தேன். கைலி இல்லை, கொடி இல்லை, மாடி இல்லை, வீடே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை பச்சை. புதிதாய்த் தளிர்த்த இலைகள் கூரையை மூடிக் கவிந்து, ராத்திரி முழுக்க இறங்கிய பனி விடியும் நேரத்தில் அவற்றில் நிறைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு என் உச்சந்தலையில் விழுந்தது. தை மாதம் ரப்பர் இலை உதிர்க்கும், பிறகு தளிர்க்கும், இலை முற்றியபிறகு வெட்டு தொடங்கும். எங்கள் மாவட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் மொட்டை மரத்துக்கு நடுவே வயர்லெஸ் வைத்துவிட்டு, ஈர இலை சிக்னலைக் குடிக்கும் என்பதை மறந்துபோனேன். வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகே வந்து நின்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன்.

என் கத்தல் கேட்டு அக்கா கத்தியோடு இறங்கி வந்துவிட்டார். “ஆருலே அது பொரையில?”

மறைக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எல வருஷா வருஷம் வருமே மக்கா. நீ இந்த ஊரு தானே?”

கொக்கி வைத்த தோட்டிக் கம்பு ஒன்றை எடுத்துவந்து, வெள்ளை டப்பாவுக்கு நேரே தாழ்ந்து நின்ற கிளையை அதில் மாட்டிப் பிடித்து ஓங்கி உலுக்கினார். தண்ணீர் முழுவதும் என்மேல் கொட்டியது. போனில் அண்ணாச்சி, “வந்துட்டு! வந்துட்டு!” என்று கூவினார். அக்கா தேவைக்கு மேலேயே நாலைந்து தடவை உலுக்கினார். நான் நகரவில்லை.

மேலே போய் அண்ணாச்சியிடம் என் தப்பை ஒப்புக்கொண்டேன். கம்பத்தை உயர்த்தி, அல்லது வயரே இழுத்து, என் செலவில் சரிசெய்து தருகிறேன் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “போவட்டும் தம்பி, தப்பு ஆருக்கும் வரும்” என்று சொல்லி எனக்கு ஒரு சாயாவும் ஏத்தங்காய் வறுத்ததும் கொண்டுவரச் சொன்னார். முற்றத்தில் நின்ற அக்காவிடம், “ஏட்டி, நீ போய் வேலையப் பாரு. உன்ன நிறுத்தல்ல” என்றார்.

அக்கா அசையவில்லை. என் கையிலிருந்த கிளாஸைக் காட்டிக் கேட்டார்:

“இவன் தப்பு செய்ததுக்குச் சாயா. நான் செய்யாததுக்கு என்னது மொதலாளி?”

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது. அக்கா கத்தியைப் படியில் வைத்தார். முக்குச் சாயாக்கடையில் சொன்னதை முக்குச் சாயாக்கடையிலேயே தப்பு என்று சொன்னால்தான் இனிக் கத்தியைத் தொடுவேன் என்றார். வெட்டத் தெரியாத ஆளை விட்டால் பட்டை காயப்பட்டு இளமரமெல்லாம் பாழாகும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். “நீதானே தம்பி சொன்ன” என்றார்.

“அக்கா, அங்க வச்சுச் சொன்னா எனக்குப் பின்ன ஆரு வேலை தருவா? எனக்க பொழப்பு அது” என்றேன்.

“எனக்க பொழப்போ?” என்றார் அக்கா.

உடம்பெல்லாம் நனைந்தபடியே பைக்கை எடுத்தேன். அண்ணாச்சி, வேடிக்கை பார்க்கப் போகிறவரைப் போல, காரில் வந்தார். அக்கா நடந்தே வந்தார். அவர் வந்து சேரும்வரை நான் கடை வாசலில் நின்றேன்.

எட்டு மணி. பஸ்ஸுக்கு நிற்பவர்கள், பால் ஊற்ற வந்தவர்கள், பேப்பர் வாசிப்பவர்கள் என்று கடை நிறைந்திருந்தது. பக்கத்து விளைக்காரரும் பெஞ்சில் இருந்தார். நான் பலகாரக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி சொன்னேன்: “அண்ணாச்சிக்க வெளையில கேமரா போனது எனக்க தப்பு. எலையை யோசிக்காம வச்சேன். அக்கா சுவிட்ச அணைக்கல்ல.”

வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “சத்தமா சொல்லு மக்கா. பொறத்த நிக்கியவனுக்குக் கேக்கல்ல.”

திரும்பி நின்று தொண்டையைத் திறந்து மறுபடி சொன்னேன். பேப்பர் மடங்கியது. சாயா ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பக்கத்து விளைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அண்ணாச்சி எனக்குப் பின்னால் நின்று, சரி முடிந்தது என்பதுபோல, சாயாவுக்குக் கை காட்டினார்.

அக்கா உள்ளே ஓர் அடி எடுத்துவைத்தார்.

“சரி. இனி மொதலாளி சொல்லணும்.”