ராஜபார்ட் ஆசீர்வாதத்தின் குரல் அதுவல்ல

ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசிக்குச் செய்தி வந்தது. ராஜபாளையத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் அனுப்பியிருந்தான். 'நடிகர் ஆசீர்வாதம் காலமானார்' என்று ஒற்றை வரி. அதன் கீழே ஒரு சினிமாத் துண்டு. தொட்டேன். வெள்ளை வேட்டியும் முறுக்கிய மீசையுமாக ஆசீர்வாதம் பஞ்சாயத்தில் நின்று முழங்கினார். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "நல்ல கணீர்னு குரல் சார் அவுகளுக்கு. போயிட்டாகளா?" என்றாள். போய்விட்டார் என்றேன். அந்தக் குரல் அவருடையதல்ல என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

அதனால் இங்கே சொல்கிறேன். அவரோடு மேடையேறியவர்களும் கோயில் கொடைத் திருவிழாக்களில் அவரைக் கேட்டவர்களும் இதைப் படிப்பீர்கள். அவர் ஏழு படங்களில் நடித்தார். ஒன்றில்கூட அவர் பேசவில்லை.

அவருடைய உண்மைக் குரல் மெல்லியது. வெண்கலக் கிண்ணத்தை நகத்தால் சுண்டினாற்போல இருக்கும். அதை வைத்துக்கொண்டு முப்பது வருடம் ராஜா வேடம் கட்டினார். நம் பக்கத்து நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நடிகர் ஒரு ஊரிலிருந்து வருவார், நடிகை வேறொரு ஊரிலிருந்து வருவார். அரிதாரம் பூசும்போதுதான் முகம் பார்ப்பார்கள். மேடையில் எதிராளி கேட்கும் கேள்விக்கு அங்கேயே பதில் பிறக்க வேண்டும். மடவார் வளாகத்துக் கொடையில் ஒருமுறை, எதிரே நின்ற பபூன் கதையை விட்டு வெளியே வந்து, "ஞாயித்துக்கிழமையானா சர்ச்சுக்குப் போறவருக்கு எங்க சாமி கொடையில என்னய்யா ராஜா வேசம்?" என்று கேட்டுவிட்டார். ஆசீர்வாதம் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். "பொங்குத அரிசி எந்தக் கோயிலுக்குப் போறவன் வயல்ல வெளைஞ்சதுன்னு கேட்டுக்கிட்டாய்யா உலை வைக்கீரு?" கேட்ட பபூனே சிரித்துவிட்டார். நான் கணக்கு வாத்தியார். விடையை எப்போது கரும்பலகையில் எழுதினால் வகுப்பு முழுதும் நிமிர்ந்து பார்க்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆயிற்று. அவருக்கு அது கிரீடத்தைத் தொடும் நேரத்தில் வந்துவிடும்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கான்சாபுரம் கண்மாய்க் கரையில் படம் பிடிக்க வந்தார்கள். ஊர்த்தலைவர் வேடத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். முதல் தடவை எடுத்தபோது அவர் சொன்ன பதிலுக்கு விளக்குப் பிடித்தவர்கள்கூடச் சிரித்தார்கள். இரண்டாம் தடவை வேறொரு பதில் சொன்னார். மூன்றாம் தடவை இன்னொன்று. இயக்குநர் தலையில் கை வைத்தார். "ஐயா, அருமையா இருக்கு. ஆனா மொதல்ல சொன்னதையே சொல்லணும்."

"எதிராளி மறுபடி கேட்டா, சொன்னதையேவா திருப்பிச் சொல்லுவாக? சனம் எந்திரிச்சுப் போயிரும்லா?"

கடைசியில் ஓர் உதவி இயக்குநர் வழி கண்டுபிடித்தார். வசனம் வேண்டாம், கோபமாக எண்களை மட்டும் சொல்லுங்கள், வசனத்தைப் பிறகு டப்பிங்கில் பேசிக்கொள்ளலாம் என்றார். ஆசீர்வாதம் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணியே தீர்ப்புச் சொன்னார். மீசை துடித்தது. திரும்பி வரும் வழியில், "கணக்கு வாத்தியாரு பாத்துக்கிட்டு இருக்காரே, நம்பரு தப்பிரக்கூடாதேன்னுதான் சார்வாள் எனக்குப் பயம்" என்றார். இருவரும் சிரித்தோம். அதுதான் நாங்கள் அந்தப் படத்தைப் பற்றிக் கடைசியாகச் சிரித்தது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் வீட்டுக்கு வந்தார். டப்பிங் பேச மறுநாளே வரச்சொல்லிச் சென்னையிலிருந்து அழைப்பு. மறுநாள் வ. புதுப்பட்டியில் கொடை நாடகம். நடிக்கச் சம்மதித்ததற்கு அடையாளமாக வெற்றிலை பாக்கு வாங்கியிருந்தார். அதை வாங்கிய நடிகர் வராமல் போனால் அந்தக் கொடையே குறைப்பட்டதாக ஊர் நினைக்கும். "ஒருநா தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டுட்டேன். பாக்கலாம்ங்கான். என்ன செய்யட்டும், நீரு சொல்லும்" என்றார். நான் வழக்கம்போல ஓர் உதாரணம் சொன்னேன். பரீட்சை என்று பிள்ளைகளை வரவைத்துவிட்டு வாத்தியார் வராமல் போகலாமா என்றேன். புதுப்பட்டிக்குப் போங்கள், சினிமா ஒரு நாள் காத்திருக்கும் என்றேன். காத்திருக்கவில்லை. அவர்கள் வேறு ஆளை வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். அவரிடம் சொல்லக்கூட இல்லை.

ராஜபாளையம் தியேட்டரில் சொந்தபந்தம் எல்லாரோடும் போய் உட்கார்ந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. திரையில் அவர் வாய் திறந்தார். யாரோ ஒருவர் இடி மாதிரிப் பேசினார். அவர் மனைவி ரோஸ்லின் குனிந்து, "ஏங்க, அன்னைக்குச் சளி புடிச்சிருந்துச்சோ?" என்று கேட்டார். "ஆமா" என்றார் ஆசீர்வாதம். பின் வரிசையில் இருந்த எனக்கு அது கேட்டது.

அடுத்த ஆறு படங்களிலும் அந்த இடிக்குரல்தான். ஒவ்வொரு முறையும் நானே பேசுகிறேன் என்று கேட்டார். மக்களுக்கு உங்கள் குரல் பழகிவிட்டது, மாற்றினால் ஒட்டாது என்றார்கள். 'உங்கள் குரல்' என்றே சொன்னார்கள்.

அதையும் பொறுத்திருப்பார். புதுப்பட்டிக்காரர்கள் மறுபடி வெற்றிலையோடு வந்தார்கள். எந்த ஊர்க் கொடைக்காகத் தன் குரலைப் பறிகொடுத்தாரோ, அதே ஊர். அன்று நானும் அவர் வீட்டில் இருந்தேன். "அண்ணாச்சி, படத்துல பேசுவீகள்லா, அந்தக் கனத்த குரல்ல பேசணும். போன தடவை குரலு எடுபடலைன்னு சனம் சொல்லுது" என்றார் விழாக் கமிட்டிக்காரர்.

"அது நான் பேசுனது இல்ல, தம்பி."

"அட, நீங்க வாயசைக்கது தெரியுதே! சினிமாவுக்குப் பேசுவீக, எங்களுக்குப் பேச மாட்டீகளோ? எம்புட்டுக் கிராக்கி!"

அவரால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியும் என்று நம்பியிருந்தேன். அன்று கையை மட்டும் நீட்டினார். வெற்றிலையை வாங்கிக்கொண்டார். போய், தொண்டையை அடக்கி, முகம் தெரியாத அந்த ஆளைப் போலப் பேசினார். விசில் பறந்ததாம். மறுநாள் என்னிடம், "அவன் என் மூஞ்சிக்குத் தக்கன பேசுதான், நான் அவன் பேச்சுக்குத் தக்கன பேசுதேன். ரெண்டு பேருல எவன் சார்வாள் ராஜா?" என்றார். அதற்குப்பின் யாரிடமும் வெற்றிலை வாங்கவில்லை. ஏன் நிறுத்தினார் என்று எந்த ஊரும் வந்து கேட்கவில்லை. இப்போது பஸ் நிலையத்தில் அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். 'சிம்மக் குரலோன்' என்று போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன மாதம், ஒரு பிற்பகலில். உடம்பு ஒடுங்கியிருந்தது, குரல் ஒடுங்கவில்லை. பல வருடமாக மனதில் கிடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு உங்களச் சென்னைக்குப் போங்கன்னு நான் சொல்லியிருக்கணும், அண்ணாச்சி."

போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டார். "நீரு சொல்லலைன்னாலும் நான் புதுப்பட்டிக்குத்தான் போயிருப்பேன். வெத்தல வாங்கியாச்சுல்லா. ஆனா நீரு சொன்னதுல எனக்கு ஒரு சௌகரியம். திட்டுறதுக்கு ஒரு ஆளு கெடச்சாரு."

"அப்போ திட்டுங்க."

"இன்னைக்கு வேண்டாம். ரோஸ்லின் காப்பி போடுதா, அதைக் குடியும். அடுத்த தரம் வாரும், ஒக்காந்து நிதானமாத் திட்டுதேன்."

அடுத்த தரம் வாய்க்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது, வந்து சேராத அந்தத் திட்டு ஒன்றுதான். அதையாவது அவர் சொந்தக் குரலில் கேட்டிருப்பேன்.