ஷீட் வீட்டுக்கு ஒரு கூலர்

நான்கு திருகுகளையும் கோதண்டபாணியின் கைகள் ஒரே மூச்சில் கழற்றவில்லை. மேல் இடதில் அரைச் சுற்று, கீழ் வலதில் அரைச் சுற்று, பிறகு மற்ற இரண்டிலும் அரை அரை. ஒரு பக்கத்து அழுத்தம் மட்டும் சட்டென்று விட்டுப்போனால் அடியில் இருக்கும் புராசஸருக்கு, கம்ப்யூட்டரின் மூளைக்கு, ஆகாது. நான்கும் தளர்ந்ததும் விசிறியின் ஒயரை உருவிவிட்டு, புராசஸரின் சூட்டை இழுக்கும் கூலரை இடமும் வலமும் லேசாக அசைத்துத் தூக்கின. இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தப் பூசிய பசை ஈரமாக இருந்தால் கூலர் வழுக்கிக்கொண்டு வரும், காய்ந்திருந்தால் அடம்பிடிக்கும். இது சப்பென்று ஒரு சத்தத்தோடு பிரிந்து வந்தது.

கவிழ்த்துப் பார்த்தால், கூலரின் அடிச்செம்பு தெரிய வேண்டிய இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். சூட்டில் ஓரம் சுருண்டு, மேலே பசை அப்பிக்கிடந்தது. மாட்டுவதற்கு முன் உரிக்கவும் என்று அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அது நடுவில் இருந்தால் புராசஸரின் சூடு செம்புக்கு ஏறாது.

"என்னா சார், எதுனா ஒடைஞ்சி போச்சா?" என்றார் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கண்ணையன்.

"இல்லீங்க. அழுக்கு."

சொல்லிவிட்டுக் கோதண்டபாணி அந்தத் தாளை உரித்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். இருபது வருஷத் தொழிலில் வாடிக்கையாளரிடம் சாமானைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. காது மடல் வரை சூடு ஏறியது.

திண்டிவனத்தில் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் இருந்தது அவருடைய கடை. கம்ப்யூட்டரை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. பத்தொன்பது வயதில் விழுப்புரத்தில் ஒரு மோட்டார் கடையில் ஃபேனுக்கும் பம்புசெட்டுக்கும் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு டைப்பிங் சென்டரில் ஸ்டெபிலைசர் பழுது பார்க்கப் போனவர், அங்கே மூலையில் செத்துக்கிடந்த கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் கோத்து ஓட வைத்தார். அதிலிருந்து இதுதான் தொழில். காயில் கட்டும்போது படிந்த ஒரு பழக்கம் மட்டும் கூடவே வந்தது: எந்த இயந்திரத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கருகிப்போன காயில்களை எத்தனையோ அறுத்து எறிந்தவர், சூட்டை நம்ப மாட்டார்.

அதனால் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது வீட்டுக் கூரையைத்தான். "எந்த ரூம்ல வெக்கப் போறீங்க? மேல என்னா, தளமா, ஓடா, ஷீட்டா?" பெண் பார்க்க வந்தவர் மாதிரி கேட்கிறாரே என்று ஆட்கள் சிரிப்பார்கள். ஆனால் அதை வைத்துத்தான் கூலரைத் தேர்ந்தெடுப்பார். தளம் போட்ட வீட்டுக்குப் புராசஸர் டப்பாவோடு வருகிற சின்னக் கூலரே போதும். ஷீட் வீட்டுக்கு அது சித்திரை மாதத்தைத் தாண்டாது. அவர் கட்டிக்கொடுத்த இயந்திரம் கோடையில் நின்றுபோனதாக ஒரு பேச்சு அதுவரை வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே.

பங்குனி கடைசியில்தான் அன்புச்செல்வி வந்தாள். பெருமுக்கல் பக்கம், இருபத்தாறு வயது. அப்பா கண்ணையன் கட்டட வேலைக்குப் போகிறவர், அம்மா இல்லை. டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டிவனத்து எஞ்சினியர் ஒருவருக்கு வீடுகளின் முகப்பைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டும் வேலை செய்துகொண்டிருந்தாள். மண் தரையில் நிற்கிற ஆள் தன் வீடு எழும்பி, பெயின்ட் அடித்து, வாசலில் வண்டி நிற்பது வரை படத்தில் பார்த்துவிடலாம். அதைச் செய்து முடிக்கும் நேரம் புராசஸர் மணிக்கணக்கில் முழு மூச்சில் ஓடும். கடன் கேட்டு வாங்கிய பழைய லேப்டாப் அதைத் தாங்கவில்லை.

என்னென்ன வாங்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அவர் வழக்கம்போல் கூரையைக் கேட்டார்.

"ஷீட்டுதான் சார்."

அப்படியானால் இரட்டை விசிறி வைத்த பெரிய கூலர்தான் என்றார். அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒரு வாரம் அறையில் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, மத்தியானச் சூட்டைத் தினமும் குறித்திருந்தாள். இந்தப் புராசஸர் இழுக்கிற மின்சாரத்துக்கு ஒற்றை விசிறிக் கூலரே போதும், அறைச் சூட்டுக்கு மேல் நாற்பத்து மூன்று டிகிரிக்குள் நிற்கும், அது தாங்கக்கூடிய அளவுதான் என்று கணக்குப் போட்டிருந்தாள். கேபினட் பெட்டியின் கதவுக்கும் கூலர் உச்சிக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதுகூட எழுதியிருந்தது.

கணக்கில் தப்பு சொல்ல அவரால் முடியவில்லை. முடியாதது கொஞ்சம் உறுத்தியது. "செரி, உன் இஷ்டம்மா," என்றார்.

கட்டுகிற நாளில் அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். அந்த ஊர்ப் பக்கம் புதுச் சாமானின் மேல்தாளைக் கடைக்காரர் உரித்துவிட்டால் சண்டைக்கே வந்துவிடுவார்கள். வண்டி வாங்கி மூன்று வருஷமாகியும் சீட்டில் பாலித்தீன் கிழிந்து தொங்கிக்கொண்டிருக்கும், கழற்ற மனசு வராது. அன்புச்செல்வியும் அதைத்தான் கேட்டுக்கொண்டாள். எதையும் உரிக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா கையால் உரிக்க வேண்டும் என்றாள். அவரும் ஒவ்வொரு தாளையும் நகம் படாமல் பார்த்துக்கொண்டார். கண்ணாடிக் கதவின் தாள், முன்பக்கத் தாள், பட்டனின் மேல் இருந்த சுண்டுவிரல் நகமளவு தாள். அந்தக் கவனத்தில் கூலரின் அடித்தாளும் தப்பித்துவிட்டது. அதை முதலில் உரித்து மேஜை விளிம்பில் ஒட்டி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை என்பது அவருடைய வழக்கம். அன்று மட்டும் கை அதைத் தாண்டிப் போயிருக்கிறது. ஒரு மணி நேரம் முழு மூச்சில் ஓடவிட்டுப் பார்ப்பதும் வழக்கம்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் சொன்னதும், ஏசி ஓடுகிற கடையில் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

பத்து நாளில் அவள் போனும் கையுமாக வந்தாள். திரையில் தொண்ணூற்றேழு டிகிரி காட்டும் படம். வேலை பாதி ஓடும்போதே இயந்திரம் தானாக அணைந்துவிடுகிறது என்றாள். கடையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். பக்கத்து செல்போன் கடை ரஞ்சித்தும் வந்து சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். இயந்திரத்தைக் கொண்டுவாம்மா, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை.

"நான் அப்பவே சொன்னேன். நோட்டுல கணக்குப் போட்டா ஷீட்டு சூடு கேக்குமா? ஊருக்கெல்லாம் மாடி வீடு கட்டிக் காட்டிக்கினு இருக்கியே, மொதல்ல உங்கப்பாவ உங்க வூட்டுக்கு ஒரு தளம் போடச் சொல்லும்மா."

சிரித்தார்கள். ரஞ்சித் எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தான். அன்புச்செல்வி போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, வர்றேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பதிலாகச் சொல்லிவிட்டோம் என்றுதான் அன்று சாயங்காலம் வரை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை அப்பாவும் மகளும் கேபினட்டை வேட்டித் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியல சார். எது போடணுமோ நீங்களே போடுங்க," என்றாள் அவள். நோட்டைக் கொண்டு வரவில்லை. எஞ்சினியரிடம் இன்னும் இரண்டு நாள் தவணை கேட்டுவிட்டு வருகிறேன், இந்த முறையும் தள்ளிப்போனால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவாராம் என்று சொல்லிவிட்டு வெளியே போயிருந்தாள். மேஜையில் பெரிய கூலரின் டப்பா இருந்தது. முந்தின நாள் அவள் போனில் பெரியதற்குச் சம்மதம் சொன்னதும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வரவழைத்தது.

கோதண்டபாணி டப்பாவைப் பார்த்தார். அதை எடுத்து மாட்டினால் சூடு இறங்கிவிடும். பெரியது போட்டதும் சரியாகிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் சொன்ன கூரைப் பேச்சும் மெய்யாகும், கடைப் பெயரும் நிலைக்கும். உள்ளங்கையில் இருக்கும் தாளைக் குப்பையில் போட்டால் போதும்.

கண்ணையன் எதையாவது பேச வேண்டுமே என்று பேச ஆரம்பித்தார். "பொண்ணு வந்து சொல்லுச்சி சார், ஷீட்டு சூடுதான்னு நீங்க சொன்னீங்கன்னு. தளம் போட நமக்கு எங்க சார்? ரெண்டு நாள் வேலைக்குப் போவல. கீத்து வாங்கியாந்து ஷீட்டு மேல நானே போட்டேன். மத்தியானத்துல ஏறி ரெண்டு கொடம் தண்ணி ஊத்துறேன். உள்ள ஜில்லுனுதான் இருக்குது. அப்பவும் அந்த கம்ப்யூட்டரு நின்னு நின்னு போவுது."

சொல்லிக்கொண்டே கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சிமென்ட் தின்ற விரல்கள். முன்கை முழுக்கத் தென்னங்கீற்று கீறிய கோடுகள், சில இன்னும் ஆறவில்லை. தவறு தன் கூரையில்தான் என்று அவர் முழுசாக நம்பியிருந்தார். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் பிறர் வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டு வந்து, இங்கே ஒரு இயந்திரத்துக்காகக் கூரையில் ஏறித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

கோதண்டபாணிக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு செம்பைத் துடைத்தார். புராசஸரைத் துடைத்தார். இரண்டும் முகம் தெரியப் பளபளத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரிய டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, கடுகளவு பசை இட்டு, அவளுடைய கூலரையே மறுபடி உட்கார வைத்தார். அரைச் சுற்று, அரைச் சுற்று.

ஏசி ஓடுகிற இடத்தில் ஓட்டிப் பார்த்தால் அது சோதனையாகாது. இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடைக்கு வெளியே தகரப் பந்தலின் கீழ் வைத்தார். வெயில் தகரத்தில் இறங்கி அங்கே நாற்பது டிகிரி. அவள் பாதியில் விட்டிருந்த வீட்டு முகப்பையே ஓடவிட்டார். அறுபத்தைந்து, எழுபத்தைந்து, எண்பது. கண்ணையன் ஸ்டூலை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்து இரண்டில் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்தும் எண்பத்து இரண்டுதான். அறைச் சூட்டுக்கு மேல் நாற்பத்து இரண்டு. அவள் எழுதியிருந்ததைவிட ஒரு டிகிரி குறைவு.

அன்புச்செல்வி திரும்பி வந்தபோது திரையில் ஒரு மாடி வீடு முழுசாக எழும்பி நின்றது. பெரிய கூலர் போட்டாச்சா சார் என்று கேட்டாள்.

கோதண்டபாணி பக்கத்துக் கடையைப் பார்த்து, "ரஞ்சித், கொஞ்சம் வாப்பா," என்று கூப்பிட்டார். அன்று சிரித்தவர்களில் கைக்கு எட்டியவன் அவன் ஒருவன்தான்.

அவன் வந்து நின்றதும் உள்ளங்கையைத் திறந்து காட்டினார். வியர்வையில் தாள் கையோடு ஒட்டியிருந்தது.

"இது கூலருக்கு அடியில இருந்துச்சி. உரிக்காம மாட்டிட்டேன். உன் கூலர் செரியாத்தாம்மா இருக்குது. உன் கணக்கும் செரி. கூரைய சொன்னேன் பாரு, அதான் தப்பு." கண்ணையன் பக்கம் திரும்பினார். "அழுக்குன்னு சொன்னது பொய்ங்க."

மேம்பாலத்தில் ஒரு லாரி இறங்கிப் போனது. ரஞ்சித் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "ஃபேனுக்குக் காயில் கட்டுன மனுஷன், ஒரு பேப்பர் உரிக்கத் தெரியல," என்றான். எப்போதும் போலச் சிரிக்க வாயெடுத்தவன், மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நாளைக்கு இதைத் தெரு முழுக்கச் சொல்வான். சொல்லட்டும் என்றுதான் கூப்பிட்டார்.

"அப்ப கீத்து?" என்றார் கண்ணையன்.

பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். "இருக்கட்டும். படுக்க நல்லாத்தான் கீது."

அன்புச்செல்வி கோபப்பட்டிருந்தால் கோதண்டபாணிக்கு லேசாக இருந்திருக்கும். அவள் திரையின் முன் குனிந்து, அந்த எண்பத்து இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கி பஸ்ல போம்போது நோட்ட தூக்கி எறியலாம்னு பாத்தேன் சார்," என்றாள். குரலில் வருத்தமில்லை, விவரம் சொல்வது மாதிரி இருந்தது. கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். எறிந்துவிட்டாளா என்று கேட்க வாய் வரவில்லை.

இயந்திரத்தை அணைத்து, விசிறி நின்றதும் ஒயர்களைக் கட்டி, கதவை மூடித் திருகினார். கண்ணாடியின் மேல்தாள் அப்படியே இருந்தது. ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு உரிக்கலாம் என்று இத்தனை நாள் விட்டுவைத்திருந்தார்கள். வேட்டித் துணியை உதறி விரித்து, கேபினட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். பஸ் ஸ்டாண்டு வரை நானே தூக்கிவருகிறேன் என்றதற்கு அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வாசற்படி வரை மட்டும் கொண்டுவந்தார். அங்கே கண்ணையன் இரண்டு கையையும் நீட்டி நின்றார். கீறல் விழுந்த அந்த முன்கைகளின் மேல், கனம் ஒரு பக்கமாகச் சாயாதபடி, கோதண்டபாணி அதை மெல்ல இறக்கி வைத்தார்.